படத்து மாலை

எங்கள் தெருவில் ஒரு விசேஷம் என்றால் எல்லாரும் முதலில் ஏட்டையாவைத்தான் தேடிப் போவார்கள். போலீஸ்காரர், பையில் கடிகாரம் வைத்திருப்பவர், நாலு பேரை அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவர். பந்தக்கால் ஊன்றக் கூப்பிட்டால் வருவார். விறகு பிளப்பார். பந்தியில் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால், "கல்யாணத்தன்னைக்கு எது முன்னால, எது பின்னாலன்னு ஒரு வரிசை போட்டுக் குடுங்க ஏட்டையா" என்று கேட்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"அதுக்கு வேற ஆளைப் பாருங்கப்பா. நான் போட்ட வரிசை ஒண்ணு போதும்."

அந்த ஒன்று அவருடைய தங்கை ஆவுடையம்மாள் கல்யாணத்துக்குப் போட்டது. ராஜபாளையத்தில் இதே தெருவில்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. அப்போது நான் கைப்பிள்ளை. ஆவுடையம்மாள் சொன்னதும், என் அம்மா சொன்னதும், ஏட்டையாவே வாய் திறந்து சொன்ன கொஞ்சமும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் நடந்ததை மட்டும் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஏட்டையாவின் பெயர் சுந்தரபாண்டியன். அவருக்கு ஆறு வயது நடக்கும்போது அப்பா இறந்துபோனார். ஆவுடையம்மாள் அப்போது தொட்டிலில் கிடந்தாள். அம்மா நாச்சியார் கூமாப்பட்டியில் பிறந்தவர். காரியம் முடிந்த மறுநாள், கூமாப்பட்டியிலிருந்து அவருடைய அண்ணன் வீரணன் ஏரை வண்டியில் ஏற்றி, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "எந்த நிலத்தையும் குத்தகைக்கு விடாத தாயி, நான் வந்து உழுதுட்டுப் போறேன்" என்றார். சொன்னபடி வருஷா வருஷம் வந்தார். உழவுக்கு வந்தார், அறுப்புக்கு வந்தார். மருமகன் வளர்ந்ததும் மதுரைக்குக் கூட்டிப்போய், போலீசுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உயரம் பார்க்கும் கம்பத்துக்குக் கீழே நிறுத்தியதும் அவர்தான். "நெஞ்சை நிமித்துலே, எங்க ஊரு தண்ணியக் குடிச்சு வளந்தவனா நில்லு" என்று அங்கேயே சத்தம் போட்டாராம்.

ஆகவே சுந்தரபாண்டியனுக்கு அப்பா இல்லை என்ற குறை சோற்றிலும் துணியிலும் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் தெரிந்தது. அப்பாவின் முகம் அவருக்கு நினைவில் இல்லை. கை நினைவிருந்தது, வேட்டியின் ஓரம் நினைவிருந்தது, முகம் இல்லை. படமும் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துச் சம்சாரி வீடுகளில் யாருக்குப் படம் இருந்தது? "எங்கப்பா எப்படி இருப்பாரு?" என்று அம்மாவிடம் கேட்டால், "ஒன்னைய மாதிரிதான் இருப்பாக" என்று சொல்லிவிடுவார். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்று ஏட்டையா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

மதுரையில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கல்யாணத்துக்கு அவரைக் காவலுக்குப் போட்டார்கள். கோயில் படிக்கட்டில் மாப்பிள்ளை, பெண், பாதிரியார், பெரிய பெரிய துரைமார் எல்லாரும் கால் மாற்றி நிற்காமல் வெயிலைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மூன்று காலில் ஒரு பெட்டியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த ஒருவர் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். அந்த ஆள் நம்ம தமிழ் ஆள். பெயர் எலியேசர். சுந்தரபாண்டியன் மறுநாளே அவரைத் தேடிப் போய்விட்டார்.

"ஆனி மாசம் எந்தங்கச்சிக்குக் கல்யாணம். எங்க ஊருக்கு வருவீகளா?"

"வாரேன். ஆனா வெளிச்சம் எப்போ நல்லா விழுதோ அப்போதான் எடுப்பேன். எம் பேச்சுக்கு வெயில் வராது, வெயில் பேச்சுக்குத்தான் நாம போகணும்" என்றார் எலியேசர்.

அன்றிலிருந்து சுந்தரபாண்டியனுக்குக் கல்யாணம் என்றால் படம், படம் என்றால் கல்யாணம். அம்மாவையும் தங்கையையும் மாமாவையும் ஒரே படத்தில் நிறுத்திவிட வேண்டும். தன் பிள்ளைகள் யாரும் "எப்படி இருப்பாக?" என்று கேட்கும்படி ஆகக் கூடாது. அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

முதல் சண்டை முகூர்த்தத்தில் வந்தது. எங்கள் வழக்கத்தில் விடிவதற்கு முன்பே தாலி கட்டிவிடுவார்கள். இருட்டில் எப்படிப் படம் எடுப்பது? வெயில் ஏறின பிறகு ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லும்படி ஜோசியரிடம் நின்றார். சேத்தூரிலிருந்து பேச வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

"ஏப்பா, நாங்க பொண்ணு எடுக்க வாரோமா, போட்டோ எடுக்க வாரோமா?"

"சூரியனுக்கும் வெத்தலை பாக்கு வச்சுட்டியாலே?" என்றாள் முத்தாத்தாள். அவள் அப்பாவின் தங்கை, சுந்தரபாண்டியனுக்கு அத்தை. வாய்க்கு அஞ்சாதவள்.

அப்போது பேச்சை நிறுத்தியவர் வீரணன்தான். "பய ஆசைப்படுதான். அப்பன் மொகம் தெரியாமக் கெடந்தவன். வெயில் ஏறிக் கெட்டுன தாலி நிக்காதா என்ன? விடுங்க, எல்லாத்துக்கும் நான் நிக்கேன்" என்றார். தாய்மாமன் சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் என்று முடிவாயிற்று.

இரண்டாவது சண்டை அம்மாவோடு. நாச்சியார் தாலி அறுத்தவர். நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்க மாட்டார். அடுப்படியிலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். மகன் விடவில்லை. கெஞ்சினார், கோபித்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தார். கடைசியில் நாச்சியார் ஒரு பேச்சு சொன்னார்.

"எங்கண்ணன் எம் பக்கத்துல நிக்கட்டும். அவுக நின்னா நானும் நிக்கேன்."

"மாமா இல்லாம படமா ஆத்தா? அவுகளை நடுவுல நிறுத்தப் போறேன்" என்றார் சுந்தரபாண்டியன்.

எலியேசர் முதல் நாள் சாயங்கால ரயிலில் வந்துவிட்டார். வந்ததும் காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓலைப் பந்தலுக்குள் எடுக்க முடியாது, இருட்டு என்றார். மருந்தைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கலாம், ஆனால் ஒரு பொறி ஓலையில் பட்டால் கல்யாணம் வேறு மாதிரி ஆகிவிடும் என்றார். கிணற்றை ஒட்டின சுவர்தான் நல்ல இடம். அங்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் நாற்காலி போட வேண்டும். வெயில் உச்சிக்கு வரக் கூடாது. "உச்சி வெயில்ல எடுத்தா கண்ணு இருக்க எடமெல்லாம் குழியாத் தெரியும். கல்யாணப் பொண்ணு பேய் மாதிரி இருப்பா, பொறவு என்னையச் சொல்லக் கூடாது."

இதையெல்லாம் கேட்டுச் சுந்தரபாண்டியன் வரிசை போட்டார். காலையில் பெண்ணைக் குளிப்பாட்டி அலங்காரம். எட்டு மணிக்குத் தாய்மாமன் சீரோடு வந்து இறங்க வேண்டும். மேளத்தோடு போய் எதிர்கொண்டு அழைக்க வேண்டும். மாமன் தன் மாலையைப் பெண் கழுத்தில் போட வேண்டும். அதுதான் பெண்ணின் கழுத்தில் விழும் முதல் மாலை. அதற்குப் பிறகுதான் மற்ற எந்த மாலையும். மாமன் மாலை விழுந்ததும் எல்லாரும் நேரே கிணற்றடிக்கு வந்து படத்துக்கு நிற்க வேண்டும். பிறகு மணவறை. இந்த வரிசையை வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து தங்கியிருந்த வீரணனுக்கும் ஆள் அனுப்பி, "சரியா எட்டு மணிக்கு மாமா, முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம்" என்று சொல்லச் சொன்னார். முந்தி வந்துவிட்டால் மேளக்காரர்கள் தயாராக இருக்க மாட்டார்கள், எதிர்கொள்ள ஆள் இல்லாமல் மாமா தெருவில் நிற்கும்படி ஆகிவிடும் என்ற பயம்தான்.

கல்யாணத்தன்று காலையில் வெயில் நன்றாகத்தான் அடித்தது. நாற்காலி கொடுத்த எதிர்வீட்டு ராஜு, "ஏமி சுந்தரம், எண்ட ஒச்சிந்தா?" என்று கேட்டார். வெயில் வந்துவிட்டதா என்று தெலுங்கில் கேலி. சுந்தரபாண்டியனும் சிரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். மேற்கே மலை உச்சி தெரியவில்லை. மேகம் இறங்கியிருந்தது.

ஆனி மாதத்தில் மலையில் சாரல் இறங்குவது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சுந்தரபாண்டியனுக்கும் தெரியும். வெயிலுக்கு இவ்வளவு கணக்குப் போட்டவர் சாரலை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. மதுரையில் இருந்து இருந்து மறந்துபோயிற்று என்றார் என்னிடம்.

எலியேசர் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுத்தார். "ஏட்டே, மேகம் கிளம்பிருச்சு. செத்த நேரத்துல வெளிச்சம் போயிரும். எடுக்கதுன்னா இப்பவே எடுத்துறணும்." அப்போது சுந்தரபாண்டியன் ஏட்டு இல்லை, வெறும் கான்ஸ்டபிள்தான். எலியேசர் மரியாதைக்காக அப்படிக் கூப்பிடுவார்.

"மாமா வரலையே."

"அது ஒங்க குடும்பத்துச் சமாச்சாரம். வெளிச்சத்தைப் பத்தி நான் சொல்லிட்டேன்."

மாமா வரவில்லைதான். ஆனால் அவர் பிந்தவில்லை. அவருக்குச் சொன்ன நேரத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. ராஜு வீட்டில் சைக்கிள் இருந்தது. ஒருவனை அதில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் விரட்டியிருந்தால் வண்டியைப் பாதி வழியில் பார்த்திருப்பான். அது அந்த நேரத்தில் சுந்தரபாண்டியனுக்குத் தோன்றவே இல்லை. அவர் மலையைப் பார்த்தார், கிணற்றடிச் சுவரைப் பார்த்தார், மறுபடியும் மலையைப் பார்த்தார். "ஆவுடையக் கூட்டிட்டு வாங்க. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்று கத்தினார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். எலியேசர் துணிக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மாலை இல்லாம இருக்காக. சும்மா விருந்துக்கு வந்தவுக மாதிரில்ல தெரியுது" என்றார். உண்மைதான். மாலை இல்லாத கல்யாணப் படத்தை யார் கல்யாணப் படம் என்று சொல்வார்கள்? மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த மாலைகள் தாம்பாளத்தில் இருந்தன. சுந்தரபாண்டியன் இரண்டை எடுத்தார்.

முத்தாத்தாள் குறுக்கே வந்து நின்றாள். "ஏலே, கிறுக்குப் பிடிச்சிருக்கா? தாய்மாமன் மாலை விழாத கழுத்துல வேற மாலையா?"

"இது கல்யாண மாலை இல்ல அத்தை. படத்து மாலை. எடுத்து முடிச்சதும் கழட்டித் தாம்பாளத்துல வச்சுருவேன். பொறவு மாமா வந்து மொத மாலை போடட்டும்."

"கழுத்துக்குத் தெரியுமாலே எது படத்து மாலை, எது கல்யாண மாலைன்னு?"

அவர் கேட்கவில்லை. மாலையைப் போட்டார். போட்டது அண்ணன் கைதான், வேறு யாரும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். பிறகு அடுப்படிக்குள் ஓடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"எங்கண்ணன் எங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டேதான் நாச்சியார் வந்தார்.

"இந்தா வந்துருவாக ஆத்தா. நீ மொதல்ல நில்லு. இன்னொரு படம் அவுக வந்த பொறவு எடுத்துக்கிடுவோம்."

நின்றார்கள். மேகத்தின் ஓரம் வெயிலைத் தொட்டுவிட்டதால் எலியேசர், பெட்டிக் கண்ணாடியின் மூடியைக் கழற்றி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்திருப்பேன், யாரும் அசையக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது என்று சொன்னார். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மாட்டுச் சலங்கை கேட்டது. நாச்சியார் திரும்பிப் பார்த்தார்.

வீரணன் வண்டியை விட்டு இறங்கிச் சீர்த்தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் நடந்து வந்தார். எதிர்கொள்ள மேளம் இல்லை. மேளக்காரர்கள் கிணற்றடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய இரண்டு கையிலும் வாழை இலையில் பொதிந்த மாலை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியுமுன்பே கூட இருந்து கட்டச் சொல்லி, ஆண்டாள் சன்னிதியில் வைத்து வாங்கி வந்தது. பந்தல் வாசலில் வந்து தங்கை மகளைப் பார்த்தார். அவள் கழுத்தில் மாலை இருந்தது.

"யாரு போட்டது?" என்று மட்டும் கேட்டார்.

"மாமா, இது சும்மா படத்துக்கு..." என்று சுந்தரபாண்டியன் மாலையைக் கழற்ற ஓடினார். அது இன்னும் தப்பாகிவிட்டது. மணையில் உட்காரப் போகிற பெண்ணின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றலாமா? பெண்கள் எல்லாம் "ஐயோ, வேண்டாம்" என்று கத்தினார்கள். சேத்தூர்க்காரர்களில் ஒரு பெரியவர், "எங்க மாலையக் கழட்டுதவன் யாருலே?" என்று எழுந்து நின்றுவிட்டார். ஆவுடையம்மாள் அழ ஆரம்பித்தாள்.

வீரணன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பார் ஏட்டையா. சண்டை என்றால் சமாதானம் உண்டு. அவர் சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாகப் பந்தலுக்குள் அனுப்பினார். பிள்ளைக்கு உள்ளது பிள்ளைக்கு என்று நினைத்தாரோ என்னவோ. தன் மாலையைப் பொதி பிரிக்காமல் பந்தக்காலில் மாட்டினார். தங்கையை ஒருமுறை பார்த்தார். வண்டியில் ஏறி மாட்டைத் திருப்பினார். சுந்தரபாண்டியன் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனார். கயிற்றை விடும்படிகூட அவர் சொல்லவில்லை. மாடு இழுத்தது, இவர் கை விட்டுவிட்டது.

நாச்சியாருக்கு அண்ணன் முறையான ஒருவரை மாமன் இடத்தில் நிறுத்திக் கல்யாணத்தை முடித்தார்கள். இரண்டாவது படம் எடுக்கவில்லை. யார் நிற்பார்கள்? சாரலும் வந்துவிட்டது.

படம் மதுரையிலிருந்து சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. நானும் பார்த்திருக்கிறேன். ஆவுடையம்மாள் அழகாக விழுந்திருக்கிறாள். மாப்பிள்ளை முறைத்துக்கொண்டிருக்கிறார். சுந்தரபாண்டியன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேலை நிற்கிறது. சேலைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல். அவ்வளவுதான் நாச்சியார்.

நாச்சியார் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லா விழுந்திருக்கீக" என்றார்.

அதற்குப் பிறகு சுந்தரபாண்டியன் ஒரு காரியம் செய்தார். அதைக் கேட்டபோது எனக்கே கோபம் வந்தது. அந்தப் படத்தைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கக் கூமாப்பட்டிக்குப் போனார். படத்தைக் கண்ணால் பார்த்தால் மாமாவுக்கு மனசு இளகும், எதற்காகத் தான் அவசரப்பட்டோம் என்று புரியும் என்று நினைத்தாராம்.

வீரணன் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வா என்றார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். படத்தை வாங்கி, வெயில் படாமல் கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஆவுடை அவ அப்பன் சாடை. நல்லாத்தான் இருக்கா" என்றார். பிறகு, "இதுல நான் எங்கலே நிக்கேன்?" என்றார்.

சுந்தரபாண்டியன் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார்.

"எந்தங்கச்சி மொகத்தையும் காணுமே?"

"ஆத்தா அசைஞ்சுட்டா மாமா."

"எதுக்கு அசைஞ்சா?"

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். வீரணன் படத்தைத் துண்டில் பொதிந்து திருப்பிக் கொடுத்தார். "வெயிலுக்குக் காத்து நின்ன பய, எனக்குக் காத்து நிக்கலையே. சரி, பொழுதோட போய்ச் சேரு. ரோட்டுல வண்டி கெடைக்காது."

அதோடு போக்குவரத்து நின்றது. உழவுக்கு வீரணன் வரவில்லை; ஆளை அனுப்பினார். அந்த ஆளும் இரண்டு வருஷத்தில் நின்றுபோனார். நாச்சியாரும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. தன் வாசலில் தன் அண்ணன் மாலையோடு நின்று திரும்பிய பிறகு, அவர் வந்து கூப்பிடாமல் எந்த முகத்தோடு போவது என்று கேட்பார். சுந்தரபாண்டியன் ஆள் விட்டுப் பேசினார், பெரிய மனிதர்களை அனுப்பினார். வீரணன் எல்லாருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார்.

ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. ஆடிப்பூரத் தேருக்கு நாச்சியார் வருஷம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் போவார். வீரணனும் வருவார். யாரும் சொல்லி வைத்ததில்லை. தேரடியில் ஒரு பாத்திரக்கடை நிழலில் அண்ணனும் தங்கையும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அண்ணன் கருப்பட்டியோ மாம்பழமோ துண்டில் முடிந்து கொண்டுவந்திருப்பார். அதற்குள் சுந்தரபாண்டியன் ஏட்டாகி ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். தேருக்கு அவரைத்தான் பந்தோபஸ்துக்குப் போடுவார்கள். வடம் பிடிக்கிற கூட்டத்தைக் கையால் தடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் நிற்பதைப் பார்ப்பார். அந்தப் பக்கம் போனால் வீரணன் நகர்ந்து போய்விடுவார் என்று தெரியும். அதனால் போக மாட்டார். இன்னும் கொஞ்ச நேரம் அவர்கள் பேசட்டும் என்று, அந்தக் கடைப் பக்கம் கூட்டம் நெருக்காமல் பார்த்துக்கொள்வாராம். அவரால் செய்ய முடிந்தது அதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, யுத்தம் நடந்துகொண்டிருந்த மார்கழியில் நாச்சியார் இறந்துபோனார். காலையில் எழுந்து வாசலில் சாணி தெளித்தவர், திரும்ப வந்து படுத்தார், எழுந்திருக்கவில்லை. நான் சேத்தூருக்குப் போய் ஆவுடையம்மாளுக்குத் தகவல் சொன்னேன். கூமாப்பட்டிக்கு ஒருவர் சைக்கிளில் போனார்.

ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது போர்த்தின பிறகுதான் மற்றவர்கள் துணியும் மாலையும். வீரணனுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. வருவாரா, மகனை அனுப்புவாரா, இரண்டும் இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ், எந்த ஏற்றத்தில் நிற்கும் என்று டிரைவருக்கே தெரியாத காலம்.

பொழுது சாயத் தொடங்கியதும் ஆவுடையம்மாள் அண்ணன் பக்கத்தில் வந்தாள். "அண்ணே, ஆத்தா மொகம் ஒரு படத்துலயும் இல்லையே. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்க ஸ்டூடியோக்காரரை வரச் சொல்லியிருக்கேன். உக்கார வச்சு ஒரு படம் எடுத்துருவோம்ண்ணே."

ஸ்டூடியோக்காரர் வந்து முற்றத்தில் பெட்டியை நிறுத்தினார். யுத்தத்தினால் வெளிச்சத்துக்குக் கொளுத்துகிற மருந்து வருவதில்லை, சூரியன் இருக்கும்போதே எடுத்தால்தான் உண்டு என்றார். "சும்மா எடுத்தா நல்லா இருக்காது. ஒரு துணி போத்தி, மாலை போட்டு உக்கார வைங்க." மாலைகள் தயாராக இருந்தன. ஆவுடையம்மாள் ஒன்றை எடுத்தாள்.

"வைட்டி கீழே" என்றார் ஏட்டையா.

"அண்ணே, வெளிச்சம் போயிரும்."

"மாமா வரட்டும்."

"அவுக வராமப் போயிட்டா? ஆத்தாவ பொறவு எங்கண்ணே பாக்குறது?"

"வராமப் போனா போகட்டும். அவுக கோடி விழாம ஆத்தா மேல ஒரு பூ விழக் கூடாது."

ஊர்ப் பெரியவர்களும் வந்து சொல்லிப் பார்த்தார்கள். பொழுது இறங்கினால் பிணத்தை எடுக்கக் கூடாது என்றார்கள். முத்தாத்தாள் மட்டும் சுவரில் சாய்ந்து மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டையா வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். ராஜு வீட்டு மாடியில் மஞ்சள் வெயில் இருந்தது. அது மேலே ஏறி ஏறிக் கைப்பிடிச் சுவருக்குப் போயிற்று. பிறகு அங்கேயும் இல்லை. ஸ்டூடியோக்காரர் பெட்டியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வாரேன் ஏட்டையா" என்று சொல்லி, சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைவு வந்து தலையைக் குனிந்துகொண்டு போனார். ஆவுடையம்மாள் உள்ளே அழுத சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

நன்றாக மங்கின பிறகு தெருமுனையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவரை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வன்னியம்பட்டியில் பஸ் நின்றுவிட்டதாம். அங்கிருந்து கிடைத்த வண்டியில் ஏறி, கடைசித் தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். வீரணன் கையில் வெள்ளைக் கோடி மடித்து இருந்தது.

ஏட்டையா விலகி வழி விட்டார். வீரணன் அவரைப் பார்க்காமல் உள்ளே போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாலைகூடப் போடலையா?"

"ஒம்ம கோடி வராமப் போடக் கூடாதுன்னு ஒம்ம மருமகன் ஒருத்தரையும் கிட்ட விடலை. போட்டோக்காரனையும் திருப்பி அனுப்பிட்டான்" என்றாள் முத்தாத்தாள்.

வீரணன் கோடியை விரித்துக் கழுத்து வரை போர்த்தினார். பிறகு குனிந்தார். உள்ளே இருட்டு. கிழவருக்குக் கண்ணும் சரியில்லை. கையால் தங்கையின் நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"மொகம் தெரியலையே. ஏலே சுந்தரம், வெளக்கக் கொண்டா."

ஏட்டையா மாடத்திலிருந்து விளக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். உட்கார்ந்து நாச்சியாரின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். வெளிச்சம் முகத்துக்கும் சுவருக்குமாகப் போய்ப்போய் வந்தது. வீரணன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஏட்டையாவும் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"எடுங்க" என்றார் வீரணன் கடைசியில்.

பறை அடித்தார்கள். மாலைகளைப் போட்டார்கள். ஏட்டையா எழுந்திருக்கவில்லை. யாரோ அவர் கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டு கொள்ளிச்சட்டியைக் கொடுத்தார்கள்.